அளவக்கா போட்ட தாழ்ப்பாள்

அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்கு நாற்பத்து நான்கு வருஷமாக உள்தாழ்ப்பாள் கிடையாது. நம்ப மாட்டீர்கள். ஐந்து பேர் இருந்த காலத்திலும் கிடையாது, மூன்று பேராகச் சுருங்கிய பிறகும் கிடையாது. நிலையில் நான்கு திருகு ஓட்டைகள் மட்டும் உண்டு. சின்ன வயசில் தம்பி அதில் சோப்பைத் திணித்து அடைத்திருந்தான், அந்தச் சோப்பும் கல்லாகிப் போயிற்று. யார் குளிக்கப் போனாலும் கதவின் தலையில் துண்டைத் தொங்கப் போட வேண்டும். துண்டு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். துண்டு நழுவி விழுந்துவிட்டால் ஆண்டவன் விட்ட வழி.

இதற்கெல்லாம் காரணம் அளவக்கா. இல்லை, கொஞ்சம் இருங்கள். காரணம் அளவக்கா என்று அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றல்ல.

அளவக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. தையல்காரி. இரண்டு வயசில் வந்த காய்ச்சல் வலது காலை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கால் இருக்கிறது, வேலைக்கு வராது, அவ்வளவுதான். வலது கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு நடப்பாள். இடது கால் ஒன்றையே வைத்துக்கொண்டு முப்பத்தேழு வருஷம் மெஷின் மிதித்தவள். தெருவில் போகிறவனை முன்னறை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தால் போதும், இடுப்பு இத்தனை, தோள் இத்தனை என்று சொல்லிவிடுவாள். டேப்பை வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் தப்பாது. பெயர் வந்தது அப்படித்தான். வாயும் லேசுப்பட்டதில்லை, கத்தரிக்கோல் தோற்றுப் போகும். தம்பியின் கல்யாணத்துக்குக் கோட் தைத்தவள் அவள். அவன் படிப்புக்குக் கடைசி இரண்டு வருஷம் பணம் கட்டியதும் அந்த மெஷின்தான். தெருவே அவளை வாங்க போங்க என்று பேசும். ஆனால் குளிக்கப் போனால் மட்டும் அவளுக்குப் பன்னிரண்டு வயசு.

பன்னிரண்டு வயசில்தான் அது நடந்தது. அப்பா கணக்கு வாத்தியார். தம்பி பிறந்த வருஷம், வெளியே தனியாக நின்ற குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். தோள் உயரத்துக்குப் பச்சை டைல், முகம் பார்க்கலாம் போல மெருகு போட்ட மொசைக் தரை, கழிப்பறைக்கு ஒரு மேடை, இரண்டடி அகலத்தில் கதவு, வாசலில் ஒன்பது அங்குல உயரத்துக்கு ஒரு படி. அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். அளவக்காவோ அந்தப் படியைத் தாண்டப் பக்கவாட்டில் திரும்பி, இடது கையால் நிலையைப் பிடித்து, கட்டையை முதலில் உள்ளே விட்டு, அப்புறம் உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் ஈரத்தில் கட்டை வழுக்கியது. உள்ளே தாழ்ப்பாள். அப்பா கதவை உடைத்துத்தான் தூக்கினார். நெற்றியில் நாலு தையல். மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினார். "இனிமே நீ உள்ளே போனா யாராவது வெளியில நிக்கணும். கேட்டா நீ குரல் கொடுக்கணும்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. "சரியா?" "சரி." தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, "சரியா?" "சரி." சோப்பு கண்ணில் பட்டு எரியும்போது, "சரியா?" "சரிதான்!" முதலில் அப்பா கேட்டார், பிறகு அம்மா, தம்பிக்கு ஏழு வயசானதும் அவன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி மட்டும். நாற்பத்தாறு வயசு ஆள், ஒரு கம்பெனியில் விற்பனை மேலாளர், டை கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நின்று "அக்கா, சரியா?" என்பான். பாவம், பாசம்தான். அந்தப் பாசத்தில் அவளுக்கு மூச்சு முட்டியதை யார் கண்டார்கள்?

இரண்டு மாசம் முன்னால் மறுபடி விழுந்தாள். இடது மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு அவிழ்த்த அன்று சாயங்காலம் தம்பி ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து தையல் மெஷின்மேல் வைத்தான். பெண்கள் தங்குகிற ஒரு இல்லம். ஊருக்கு வெளியே, இரண்டு மணி நேரப் பயணம்.

"நல்ல இடம்க்கா. பாத்ரூம்ல சுத்திலும் கைப்பிடி. அவசரம்னா அமுக்க மணி. கூப்பிட்டா ஓடி வர ஆள்."

"கைப்பிடி எதால செஞ்சிருக்கு?"

"ஸ்டீல்க்கா."

"அந்த ஸ்டீல் அங்கே மட்டும்தான் விளையுதா?"

தம்பி நெற்றியைத் தேய்த்தான். "நாங்க ரெண்டு பேரும் காலையில போனா ராத்திரிதான் வர்றோம். நீ தனியா இருக்கே. ஆபீஸ்ல போன் அடிக்கிறப்பல்லாம் உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு ஓடிப் போய் எடுக்கிறேன். ஒண்ணாம் தேதிக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன். அட்வான்ஸும் கொடுத்தாச்சு."

"என்னைக் கேட்டியா?"

"உன் நல்லதுக்குத்தானேக்கா."

நல்லதாம்! முன்னறை ஜன்னல், முப்பத்தேழு வருஷ மெஷின், வாசலில் அளவு சட்டையோடு நிற்கிற ஜனங்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மணியை அமுக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம். அளவக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் "பார்த்தியா, அக்காவுக்குப் பதட்டம்" என்பான்.

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. பாத்ரூமை என் இஷ்டத்துக்கு மாத்திக்கிறேன். செலவு என்னோடது. ஒண்ணாம் தேதி காலையில நான் தனியா உள்ளே போய்க் குளிச்சிட்டு வருவேன், யார் கையும் இல்லாம. வழுக்கினேன், தடுமாறினேன்னா மெஷினை நானே மூட்டை கட்டுறேன். குளிச்சிட்டு வந்துட்டேன்னா இந்தப் புத்தகத்தை நீ என் கண்ணுல காட்டக் கூடாது."

"அக்கா, இதுக்குப் போய் இப்படி ஒத்தைக் கால்ல நிக்கிறியே" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அளவக்கா சிரித்தாள். "நிக்கிறதுக்கு எனக்கு அது ஒண்ணுதானேடா இருக்கு. நல்லாவே நிக்கும்."

தம்பி ஒத்துக்கொண்டான். கையில் இருக்கிற பணத்துக்குக் குழாய் மாற்றலாம், அதற்குமேல் ஒன்றும் நடக்காது என்பது அவன் கணக்கு. அவளிடம் இருந்தது மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கச் சேர்த்த பணம். மெஷின் அடுத்த வருஷம் வரட்டும்.

மறுநாள் தம்பி பொண்டாட்டி வேலையிலிருந்து வந்து ஹாலில் கால் வைத்தாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், அதிகம் பேசாத ஜாதி. தரையெல்லாம் சாக்பீஸ் கோடு, கோட்டுக்குள்ளே வெட்டிப் போட்ட பழுப்புக் காகிதங்கள்.

"அண்ணி, என்ன இதெல்லாம்?"

"நீ கமோடு மேல நிக்கிறே. கொஞ்சம் நகரு."

விஷயம் வேறொன்றுமில்லை. சட்டைக்கு முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டுவாளே, அதே மாதிரி குளியலறையை முழு அளவில் ஹால் தரையில் வெட்டிப் போட்டிருந்தாள். ஐந்தடிக்கு ஏழடி. காகிதக் கமோடு, காகித பெஞ்சு, ஷவருக்கு ஒரு வட்டம். கட்டையை ஊன்றி உள்ளே போவாள், திரும்புவாள், உட்காருவது போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள், எழுந்திருப்பாள். இடிக்கிறதென்றால் குனிந்து காகிதத்தை நாலு விரல் தள்ளி வைப்பாள், மறுபடி நடப்பாள். உட்காருகிற உயரம், முழங்கை உயரம், நீட்டிய கை எட்டுகிற தூரம் எல்லாம் தன் உடம்பில் அளந்தது. ஒரு வாரத்தில் இருநூறு தடவையாவது அந்தக் காகிதக் குளியலறைக்குள் போய் வந்திருப்பாள். தம்பி ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்து சமையலறைக்குப் போனான்.

கொத்தனார் வந்தார். தெரிந்தவர்தான், வருஷத்துக்கு இரண்டு தடவை பேண்ட் இடுப்பைப் பிரித்துவிட அவளிடம் வருகிறவர்.

"நாப்பத்திரெண்டு ஆயிடுச்சு போலிருக்கே" என்றாள் அவள், வாசலிலேயே.

"வேலையைச் சொல்லுங்கக்கா, மானத்தை வாங்காதீங்க."

வேலையைச் சொன்னாள். பச்சை டைல் சுவரில் அப்படியே இருக்கட்டும், அதை உடைத்தால் காசு. மேடையை இடி, படியை இடி, தரையை எடு. குளிக்க உட்காரச் செங்கல்லில் ஒரு பெஞ்சு, அதன்மேல் சமையல் மேடைக்குக் கருங்கல் அறுக்கிற கடையில் மிச்சம் கிடக்கிற துண்டு. கைப்பிடிக்கு, மாடிப்படிக்குக் கம்பி வைக்கிறவனிடம் வெட்டி மிஞ்சின ஸ்டீல் பைப். கமோடு, மூடியில் கீறல் விழுந்ததால் கடைக்காரன் பாதி விலைக்குத் தள்ளிவிட்டது. தரைக்கு, கார் நிறுத்துமிடத்தில் போடுகிற சொரசொரப்பான டைல். அது குளியலறை டைலைவிட மலிவு.

கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "பாத்ரூமுக்குப் போய் யாராவது பார்க்கிங் டைல் போடுவாங்களாக்கா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"நான் குளிக்கிறப்போ பார்க்கிறதுக்கு யார் வரப் போறாங்க?"

கொத்தனார் சுத்தியலை எடுத்தார்.

இடிப்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டிப் பார்த்தார். அது அவர் வழக்கம். கொட்டிவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார். "அக்கா, கொஞ்சம் இங்கே வாங்க. வாட்டத்தைப் பாருங்க."

தண்ணீர் மூலையில் இருந்த வடிகால் ஓட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிதானமாகக் கதவை நோக்கி நடந்து வந்தது. படியில் முட்டிக் குளமாக நின்றது.

"எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான்" என்றாள் அளவக்கா. "குளிச்சு முடிச்சா விளக்குமாத்தால ஓட்டைப் பக்கம் தள்ளிவிட்டுட்டு வரணும். எல்லாருமே தள்ளுவோம்."

"எந்த வீட்டுலயும் யாரும் தள்ள மாட்டாங்கக்கா. தண்ணி தானா போகணும். தரையோட வாட்டமே தலைகீழா இருக்கு."

பிறகு படியை உடைத்தார். உடைத்த செங்கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சுவர்ல இருக்கிற செங்கல் இல்லை. தரை போட்டு முடிச்சப்புறம் வச்சிருக்காங்க. தண்ணி ஹாலுக்கு வந்திருக்கும். தரையைத் திரும்பப் போட்டா செலவு. அதனால வாசல்ல இதைக் கட்டி மேல டைலை ஒட்டிட்டாங்க. பூசி மெழுகின வேலை."

அளவக்கா இன்னொரு சொம்பு ஊற்றச் சொன்னாள். ஊற்றினார். இன்னொன்று. மூன்று தடவையும் தண்ணீர் அவள் கால் வைக்கிற இடத்துக்கே வந்து நின்றது. பன்னிரண்டு வயசில் கட்டை வழுக்கியதும் இங்கேதான், இரண்டு மாசம் முன்னால் மணிக்கட்டு போனதும் இங்கேதான். நடுவில் யாருக்கும் சொல்லாமல் விழுந்த ஐந்து தடவையும் இங்கேதான்.

அழுதாள் என்று நினைக்காதீர்கள். கோபம், கோபம் என்றால் அப்படியொரு கோபம். நாற்பத்து நான்கு வருஷம் இந்தக் காலைத் திட்டியிருக்கிறாள். "சனியன் பிடிச்ச காலே" என்று அதைக் குத்தியிருக்கிறாள். தன்னால்தானே யாருக்கும் தாழ்ப்பாள் இல்லை என்று தம்பி பொண்டாட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியிருக்கிறாள். கால் ஒரு பாவமும் பண்ணவில்லை! ஹாலில் மாட்டியிருந்த அப்பா படத்துக்கு எதிரே போய்க் கட்டையை ஊன்றி நின்றாள்.

"ஏம்ப்பா, ஊர்ப் பிள்ளைங்க கணக்கையெல்லாம் சிவப்பு மையில சுழிச்சீங்களே. உங்க கணக்கு தப்பாப் போனப்போ என்ன பண்ணீங்க? செங்கல்லை வச்சு மறைச்சிட்டு, என் தாழ்ப்பாளைக் கழட்டுனீங்க. நல்லா இருக்குப்பா. ரொம்ப நல்லா இருக்கு."

அப்பாவை அவளுக்கு உயிர். அதனால்தான் அத்தனை கோபம். துணியில் குறி போடுகிற சிவப்புச் சாக்பீஸை எடுத்து வந்து, தண்ணீர் தேங்கின இடத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டாள். "தம்பி வர்ற வரைக்கும் இதை இடிக்காதீங்க" என்றாள்.

சாயங்காலம் தம்பிக்காகக் கொத்தனார் மறுபடி ஒரு சொம்பு ஊற்றினார். தம்பி டையைத் தளர்த்திக்கொண்டு பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா."

"தெரியாமலா படி வச்சாரு?"

 அப்புறமும் பழைய பாட்டையே எடுத்தான். "தரை சரியாப் போனாலும் உன் கால் இருக்கேக்கா..."

"என் கால் ஐம்பத்தினாலு வருஷமா ஒரே மாதிரிதான்டா இருக்கு. துணி பத்தலைன்னா ஆளையா வெட்டுறது? போய் மூஞ்சியைக் கழுவு. சமையலறைக் குழாயில."

தரை முழுக்கப் பெயர்த்தெடுத்துப் புதுசாக வாட்டம் கொடுத்தார் கொத்தனார். வேலை முடிகிற வரைக்கும் மூன்று பேருக்கும் பக்கத்து வீட்டுக் குளியலறைதான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தது போதாதென்று அளவக்கா பந்து போல உருண்ட நூல்கண்டு ஒன்றை உருட்டிப் பார்த்தாள். அது ஒழுங்காக ஓட்டைக்குப் போன பிறகுதான் டைல் ஒட்ட விட்டாள். கைப்பிடிக் கம்பிகள் வந்தன. பெஞ்சு எழுந்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, கதவு வந்து சேர்கிற வரைக்கும்.

கதவு பிளாஸ்டிக் கதவு. அளவு எழுதிக் கொடுத்தவள் அளவக்கா. வண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்துப் பார்த்தால் இரண்டு அங்குலம் அகலம் கூட. கொத்தனார் இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார், நிலைக்குள் நுழைவேனா என்றது.

"அக்கா, இருபத்திநாலு இன்ச் வாசலுக்கு இருபத்தாறுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

அளவக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். ஊர் உலகத்துக்கே அளவு சொல்கிறவள்! அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம். தையலுக்குப் பிடிக்க இடம் விட்டிருக்கிறாள்! முப்பத்தேழு வருஷப் பழக்கம், எந்த அளவை எழுதினாலும் கை தானாக ஒரு அங்குலம் சேர்த்து எழுதும். கதவுக்குக்கூடத் தையல் போடுகிற ஒரே பொம்பளை இவளாகத்தான் இருப்பாள்.

கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. "பார்த்தியாக்கா? இதுக்குத்தான் சொன்னேன். உன்னால முடியலை. ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள்தான் இருக்கு" என்றான்.

"கதவை ரெண்டு இன்ச் அறுத்துடலாமா?" என்று கேட்டாள் தம்பி பொண்டாட்டி.

"உள்ளே வெறும் கூடுதாம்மா. அறுத்தா ஓட்டை ஓட்டையாத் தெரியும், தண்ணி இறங்கிடும். அளவு சொல்லிச் செஞ்சதைக் கடைக்காரனும் திரும்ப எடுக்க மாட்டான்" என்றார் கொத்தனார்.

அளவக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டடி வாசல். அதில் அவள் ஒரு நாள்கூட நேராக நுழைந்ததில்லை. கட்டையும் உடம்பும் சேர்ந்தால் இடம் பத்தாது, நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். காகிதக் குளியலறையில்கூட அப்படித்தான் இருநூறு தடவை போய் வந்திருக்கிறாள். தரையை மாற்றினாள், மேடையை மாற்றினாள், வாசலை மாற்றலாம் என்று அவளுக்கே தோன்றவில்லை பாருங்கள். அவ்வளவு பழகிப் போயிருந்தது.

"அந்த மர நிலை எத்தனை கனம்?" என்று கேட்டாள்.

"ஒரு பக்கம் மூணு இன்ச்."

"அதைப் பேத்தெடுத்துட்டு மெல்லிசா இரும்புச் சட்டம் வச்சா?"

கொத்தனார் சிரிப்பை நிறுத்தினார். விரல்விட்டு எண்ணினார். "தாராளமா வரும். மூணு இன்ச் மிஞ்சினாலும் மிஞ்சும்."

"அப்போ கதவு சரியாத்தான் இருக்கு. வாசல்தான் சின்னது. பேர்த்துப் போடுங்க."

நிலை போயிற்று, நான்கு திருகு ஓட்டைகளும் கல்லாகிப்போன சோப்பும் அதோடு போயின. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கச் சொன்னாள். உள்ளே யாராவது விழுந்தாலும் உடம்பு கதவை அடைக்காது, அவளுக்கும் நுழைந்ததும் இடம் மிச்சம். முப்பதாம் தேதி மத்தியானத்தோடு வேலை முடிந்தது. கொத்தனார் சாமானை மூட்டை கட்டிவிட்டு, போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"என்ன?" என்றாள் அளவக்கா. "தாழ்ப்பாள் எங்கே? வாங்கிக் கொடுத்தேனே, அலுமினியத் தாழ்ப்பாள்?"

"அது... தம்பி வேண்டாம்னுட்டாருக்கா. காலையில போறப்போ சொல்லிட்டுப் போனாரு. என்ன வேணா பண்ணுங்க, தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்கன்னு. என்னை மாட்டி விடாதீங்க" என்று அவர் தாழ்ப்பாளை அவள் கையில் வைத்துவிட்டு நழுவினார்.

அளவக்காவுக்குக் காதிலிருந்து புகை வந்தது. இத்தனையும் செய்துவிட்டு, நாளைக்குக் காலையில் அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து "சரி, சரி" என்று குரல் கொடுக்கவா? அதற்கு அந்த இல்லமே மேல், அங்கே மணியாவது அடிக்கலாம். மெஷின் பெட்டியைத் திறந்து, ஊசி மாற்றுகிற சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தாழ்ப்பாளை வைத்தாள். இடது கையில் மணிக்கட்டு இன்னும் வலித்தது. தாழ்ப்பாள் நழுவியது. மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்தது. தம்பி பொண்டாட்டி. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீங்க திருகுங்க அண்ணி, நான் பிடிச்சுக்கிறேன்."

"உன் புருஷன் திட்டுவான்."

"திட்டட்டும்." முதல் திருகு ஏறியது. அவள் கதவைப் பார்த்தபடியே பேசினாள். "கல்யாணமாகி வந்த மறுநாள் குளிக்கப் போனேன். உள்ளே போய்ப் பார்த்தா தாழ்ப்பாள் இல்லை. அன்னைக்கு நான் குளிக்கவே இல்லை, தண்ணியை மட்டும் ஊத்திச் சத்தம் பண்ணிட்டு வந்துட்டேன். இருபது வருஷமா ஒரு காதை வெளியில வச்சுக்கிட்டேதான் குளிக்கிறேன்."

அளவக்காவின் கை நின்றது. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்களுக்காகத்தான் இல்லைன்னாங்க. எப்படிக் கேக்குறது?"

"எனக்காகவா! என்னை எவன் கேட்டான்?"

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. இருபது வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் அன்றைக்குத்தான் சேர்ந்து சிரித்தார்கள். எட்டுத் திருகும் ஏறின.

ஒன்றாம் தேதி காலையில் தம்பி லீவு சொல்லிவிட்டுக் குளியலறை வாசலில் நின்றான். இல்லத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தாயிற்று. புதுத் தரை காயட்டும் என்று ராத்திரி சாத்தியே கிடந்த கதவைத் திறந்து தாழ்ப்பாளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அக்கா, இது எதுக்கு? பேச்சுல இது இல்லையே. விழுந்தா நான் எப்படி உள்ளே வர்றது?"

"உடைச்சிக்கிட்டு வா. பிளாஸ்டிக் கதவு, ஒரு உதை தாங்காது."

"விளையாடாதேக்கா!" அவன் குரல் உடைந்தது. "எனக்கு ஏழு வயசுலேர்ந்து இந்த இடத்துல நிக்கிறேன். நீ பதில் சொல்ற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. அது உனக்குத் தெரியுமா?"

அளவக்காவுக்கு அது தெரியாது. ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கமும் ஒருத்தன் மாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அதற்காக விட்டுக்கொடுத்தாளா? அதுதான் இல்லை. "அதனாலதான்டா சொல்றேன். இன்னையோட உனக்கும் ரிட்டயர்மெண்ட்" என்றாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டாள். கட்டையை ஊன்றி, நேராக, எதையும் பிடிக்காமல், திரும்பாமல், உள்ளே நடந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

உள்ளே சொரசொரப்பான தரை கட்டையைக் கவ்விப் பிடித்தது. காகிதத்தில் போய் வந்த பாதைதான், உடம்புக்கு மனப்பாடம். இடது கைக்குக் கம்பி வந்தது, பெஞ்சு வந்தது, உட்கார்ந்தாள். ஷவரைத் திருகினாள். தண்ணீர் தலையில் விழுந்து, உடம்பில் வழிந்து, தரையில் இறங்கி, யாரும் தள்ளிவிடாமல் ஓட்டையைப் பார்த்துப் போயிற்று. அவள் கண்ணை மூடினாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் குளிக்கும்போது கண்ணை மூடியது இதுதான் முதல் தடவை. அப்போது அழுதாள். தண்ணீரில் எது கண்ணீர் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

"அக்கா."

அவள் பேசவில்லை.

"அக்கா, சரியா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்த 'சரி'. எத்தனை வருஷப் பழக்கம். பல்லைக் கடித்து விழுங்கினாள்.

வெளியே தம்பிக்கு வியர்த்து வழிந்தது. கதவைத் தட்டினான். "அக்கா! குரல் கொடுக்கா! அக்கா!" ஒரு காலைத் தூக்கிவிட்டான், உதைக்க. பொண்டாட்டி குறுக்கே வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

"யாருடா அது கதவைத் தட்டுறது? உள்ளே ஆள் இருக்கு!"

தம்பி தூக்கின காலைக் கீழே வைத்தான்.  பிறகு ஹாலுக்குப் போய் போனை எடுத்து, அக்கா வரவில்லை, அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று சொன்னான். சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பல் தேய்க்கச் சமையலறைக்குப் போனான்.

அளவக்கா வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.